தசையிழை: சில குறிப்புகள்

கோழி வெட்டும் கடையில் பார்த்தாலே தெரியும். தொடைக்கறி சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. கால் நாளெல்லாம் உடம்பைத் தாங்கி நடக்கிறது. நெஞ்சுத் தசைக்கோ எப்போதாவது படபடவென்று இறக்கை அடிக்கும்போதுதான் வேலை. சிவப்பைத் தருவது மயோகுளோபின், ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம்.

•

தசையிழையின் வகையைச் சொல்வது அதிலுள்ள மயோசின் புரதம். மனிதரின் கை கால்களில் வகை 1 (மெது), 2ஏ, 2எக்ஸ் (வேகம்). எலிக்கு இவற்றைவிட வேகமான 2பி-யும் உண்டு. எலி ஆய்வுகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கவேண்டும்.

•

1960, ஆஸ்திரேலியா. உடலியல் ஆய்வாளர்கள் புல்லர், ஜான் எக்கிள்ஸ், எக்கிள்ஸின் மகள் ரோசமண்ட். பூனைக் காலில் மெதுத் தசையின் நரம்பையும் வேகத் தசையின் நரம்பையும் வெட்டி, இடம் மாற்றி இணைத்தார்கள். மெதுத் தசை வேகமெடுத்தது, வேகத் தசை நிதானப்பட்டது. எனக்கு இன்றும் வியப்பு அடங்காத சோதனை.

1969-இல் சால்மன்ஸ், வ்ர்போவா என்ற ஆய்வாளர்கள் நரம்பை மாற்றவே இல்லை. வினாடிக்குப் பத்து மின்துடிப்பு வீதம் வாரக்கணக்கில் கொடுத்தார்கள். வேகத் தசை மெதுவானது.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நேர்வது இதன் மறுபக்கம்: துடிப்பு வராத கால்களில் மெது இழைகள் மாதக்கணக்கில் வேக வகைக்கு நகர்கின்றன, சீக்கிரம் களைக்கின்றன.

•

துடிப்பை இழைக்குள் கணக்கெடுப்பது யார்? கால்சியமும் கால்சினியூரின் என்ற நொதியும். மெது நரம்பு விடாமல் துடிப்பதால் கால்சியம் குறைந்த அளவில் நீடித்து நிற்கிறது. அதில் விழிக்கும் கால்சினியூரின், என்ஃபாட் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. என்ஃபாட் உட்கருவுக்குள் போய், மெஃப்2 என்ற புரதத்தோடு சேர்ந்து, மெது இழை மரபணுக்களை எழுப்புகிறது. கால்சியம் குப்பென்று ஏறி உடனே வடிந்தால் இது நடப்பதில்லை.

சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின், கால்சினியூரினைத்தான் தடுக்கிறது. 1998-இல் அதை எலிகளுக்குக் கொடுத்தபோது மெது இழைகள் வேக வகைக்கு மாறின.

•

2002: பிஜிசி-1 ஆல்ஃபா புரதத்தைத் தசையில் கூட்டியதும் சுண்டெலியின் வெளிர் தசையே மெதுத் தசைபோலச் சிவந்தது. மைட்டோகாண்ட்ரியா பெருகியது.

•

ஏசிடிஎன்3-ஐ (ACTN3) ‘வேக மரபணு’ என்று சொல்லிப் பரிசோதனை விற்கிறார்கள். குழந்தையின் விளையாட்டை அதைக்கொண்டு தீர்மானிப்பது அநியாயம். அந்த மரபணு தரும் ஆல்ஃபா-ஆக்டினின்-3 அறவே இல்லாமல் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் நலமாக வாழ்கிறார்கள். அது இல்லாத சுண்டெலியில் ஆல்ஃபா-ஆக்டினின்-2 அந்த இடத்துக்கு வருகிறது. கால்சினியூரினைக் கட்டி வைத்திருந்த கால்சார்சின் புரதத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. கட்டு விட்ட கால்சினியூரின், வேக இழையை மெல்ல நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழக்குகிறது.