மலிவு விலையில் மர்ம நாவல்

அலுவல் முடிந்து திரும்பும் ரயிலில் துப்பறியும் நாவல் படிப்பது என் நெடுநாளைய வழக்கம். இப்போது கைப்பேசியிலேயே மின்னூலாகப் படிக்கிறேன். விலை குறைத்திருக்கிறார்கள் என்றால் சபலம் விடுவதில்லை.

அமெரிக்காவில் ஜான் லாக் என்னும் எழுத்தாளர் தம் மர்ம நாவல்களைத் தாமே வெளியிட்டு, 99 சென்ட் விலைக்கு விற்றார். 2011-இல் அமேசான் கிண்டிலில் அவருடைய விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பதிப்பகத்தின் துணையின்றி அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் எழுத்தாளர் அவரே. அந்த விலையில் ஆசிரியருக்குக் கிட்டுவது 35 சதவீதம், 2.99 டாலர் விலையிலோ 70 சதவீதம். கணக்கிட்டால், பின்னதில் ஒரு பிரதி தரும் வருவாய்க்கு முன்னதில் ஆறு விற்கவேண்டும். அத்தனை வாசகரை எவ்வாறு திரட்டுவது?

பணம் கொடுத்து மதிப்புரைகள் பெற்றதாக 2012-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

அச்செய்தியைப் படித்தபோது அவரைவிட என்னையே அதிகம் நொந்துகொண்டேன். எத்தனையோ நூல்களைப் படித்து மகிழ்ந்தும், ஒன்றுக்கேனும் இரண்டு வரி அபிப்பிராயம் எழுதியதில்லை. வாசகன் வாய் திறவாத இடத்தில்தானே கூலிப் புகழ்ச்சி குடியேறுகிறது! விலையைக் குறைப்பது குற்றமன்று. பொய்ச்சாட்சி வைப்பதே குற்றம். இனிப் படிக்கும் நூல் ஒவ்வொன்றையும் பற்றி, நிறையோ குறையோ, உள்ளதை உள்ளவாறே எழுதுவதென உறுதி பூண்டுள்ளேன். அன்பர்களும் அவ்வாறே செய்வார்களாக.