மிச்சத்துக்கு ஒரு வயிறு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களிடம், ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று கட்டம் போட்ட தாளை டயட்டீஷியன் என்னிடமும் கொடுத்தார். மூன்று நாள் எழுதினேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு டப்பா சாம்பார் சோறு, இரவு மூன்று தோசை. இதைச் சாப்பிட்டா 112 கிலோ ஆனேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. நான்காம் நாள்தான் தாளின் ஓரத்தில் மற்றதை எழுத ஆரம்பித்தேன். மகன் டிபன் பாக்ஸில் திருப்பிக் கொண்டுவந்த பாதிச் சப்பாத்தி. மகள் தட்டில் விட்டுப்போன பொங்கல். கல்லில் ஒட்டிப் பிய்ந்த முதல் தோசை. உப்புக் கூடிவிட்டது என்று அத்தை ஒதுக்கிய கூட்டு. இரவு பாத்திரம் ஒழிக்கும்போது குண்டானின் அடியில் கிடந்த ஒரு கரண்டி சோறு. அதை ஃபிரிட்ஜில் வைக்க ஒரு கிண்ணம் வேண்டும், நாளைக்கு அந்தக் கிண்ணத்தைக் கழுவ வேண்டும். வாயில் போட்டுக்கொள்வது சுலபம். ஓரம் நிறைந்து எழுத்து தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

"இதெல்லாம் எப்ப சாப்பிடுறீங்க மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"நின்னுக்கிட்டு" என்றேன்.

இதனால் மட்டுமே குண்டானேன் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதிலிருந்து பிசிஓஎஸ் இருக்கிறது. அப்பா வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை. உடம்பு பருப்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் பெண்ணுக்கு மட்டும் ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: வாயைக் கட்டத் தெரியாதவள். முழங்கால் வலி என்று போனால் எடையைக் குறை. மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று போனால் எடையைக் குறை. ஒருமுறை காது வலிக்குப் போனபோதும் அதைத்தான் சொன்னார்கள். எத்தனை முறை குறைத்தேன், எத்தனை முறை அது வட்டியோடு திரும்பி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்த பிறகுதான் முடிவெடுத்தேன். அப்போது என் பிஎம்ஐ 45. நம் நாட்டுக் காப்பீட்டு விதிகளில் 2019இல் வந்த மாற்றப்படி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே குறிப்பிட்ட சில தீவிரமான நோய்களில் ஏதாவது இருந்தால், மருத்துவர் பரிந்துரையின் பேரில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்கலாம். என் சம்பளத்தில் கட்டிய பாலிசி, என் கையெழுத்து. இருந்தும் எல்லாவற்றையும் எனக்கு விளக்கி முடித்த டாக்டர், கடைசியில் என் கணவர் பக்கம் திரும்பி, "சாருக்கு ஓகேதானே?" என்றார்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போலத் தைத்துவிடுவார்கள். கல்லீரல் சுருங்க வேண்டும் என்று அதற்கு முன்பே இரண்டு வாரம் கிட்டத்தட்டத் திரவ உணவுதான். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள். வலி வயிற்றில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், தோளில் வந்தது. உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி வருமாம். அன்று மாலையே நடக்க வைத்தார்கள். மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் 30 மில்லி தண்ணீர், அதையும் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். மதுரை வெயிலில் ஒரு சொம்பு தண்ணீரைக் கடகடவென்று அண்ணாந்து குடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அதற்கு முன் யோசித்ததே இல்லை. இரண்டு ஆண்டு ஆகியும் என்னால் அப்படிக் குடிக்க முடியவில்லை.

பிறகு தெளிந்த ரசம், நீர்மோர், வடிகட்டிய கஞ்சி, குழைத்த இட்லி என்று குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல மாதக்கணக்கில் போனது. அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிய ஒரு வாய்ச் சப்பாத்தி நெஞ்சில் நின்றுவிட்டால், நுரையாக வாந்தி வரும்வரை விடாது. நான்காம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. குளியலறை ஜாலியில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினேன். கொட்டும், திரும்ப முளைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முளைக்கவும் செய்தது. ஆனால் அள்ளும்போது அதெல்லாம் நினைவில் இருக்காது.

இதைவிட என்னைக் கலக்கியது பசி போனதுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. பால் காய்ச்சும்போதும் வெங்காயம் வதக்கும்போதும் எனக்குள் எதுவும் அசையவில்லை. மனசு மட்டும் பழக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கோபம் வந்தால், அலுப்பு வந்தால், யாராவது எதையாவது சொல்லிவிட்டால் முன்பெல்லாம் மிக்சர் டப்பாவைத் திறப்பேன். அந்தக் கோபம் போகவில்லை, போட்டு மூட இடம்தான் போய்விட்டது. ஆறாவது வாரம், காரணமே சொல்ல முடியாமல் மாவு அரைத்துக்கொண்டே அழுதேன். ஆஸ்பத்திரியில் அனுப்பிய மனநல ஆலோசகரிடம் நான்கு முறை போனேன். சோற்றுக்காக ஒருத்தி துக்கப்படலாம் என்பதைச் சிரிக்காமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் நடந்தது வேறு. என் வயிறு கொள்வது 150 மில்லிக்குள் ஆனதும் மிச்சமெல்லாம் மிச்சமாகவே நின்றது. முதல் வாரம் குப்பை வாளியில் கொட்டியதைப் பார்த்து அத்தை, "அன்னத்தைக் கொட்டுறியேம்மா, அடுக்குமா?" என்று கேட்டார். "நீங்க சாப்பிடுங்கத்தை" என்றேன். பதில் இல்லை. இந்த வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி வேண்டும் என்பது அத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூடுதலாகப் போனதை நான் நிரவிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து, "கொஞ்சமா வடிக்கலாமே" என்று கணவர் கண்டுபிடித்தார். இப்போது அரை ஆழாக்குக் குறைவாக வடிக்கிறோம்.

அடுத்த தகராறு மீனில். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும், தட்டில் முதலில் அதைத்தான் சாப்பிட வேண்டும், சோற்றுக்கு இடம் இருந்தால் பார்க்கலாம் என்பது விதி. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் வரும். எங்கள் வீட்டில் மீனின் நடுத்துண்டுகள் கணவருக்கும் மகனுக்கும், தலை அத்தைக்கு, வாலும் குழம்பும் எனக்கும் மகளுக்கும். யாரும் சட்டம் போடவில்லை, அப்படித்தான் கரண்டி போகும். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து ஒரு நடுத்துண்டை என் தட்டில் வைத்துக்கொண்டபோது யாரும் பேசவில்லை. மருந்துபோல நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடம்புக்கு முடியாதவள் என்றால்தான் ஒரு பெண் முதலில் சாப்பிடலாம் போல. அடுத்த ஞாயிறு மகள் தட்டிலும் ஒன்று வைத்தேன். அவளுக்கு எந்த ஆபரேஷனும் ஆகவில்லை.

பதினான்கு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்தேன். பிறகு நான்கு கிலோ ஏறியிருக்கிறது. மூச்சு நிற்பது நின்றுவிட்டது, சர்க்கரை மாத்திரையும் நின்றது, வைட்டமின் மாத்திரைகள் மட்டும் ஆயுசுக்கும் உண்டு. தோல் சுருங்கவில்லை. ஜாக்கெட் கைக்குக் கீழே தொங்குகிறது, அடிவயிற்று மடிப்பில் சித்திரை வைகாசியில் புண் வருகிறது. அதை எடுப்பது அழகுக்கான சிகிச்சை என்று காப்பீட்டில் மறுத்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் சிலர் "குறுக்கு வழி" என்றார்கள், சிலர் ரகசியமாக நம்பர் கேட்டார்கள். இருபது வருஷம் என்னோடு வேலை பார்த்து முகம் பார்த்துப் பேசாத ஒருவர், "இப்பதான் டீச்சர் மாதிரி இருக்கீங்க" என்று பாராட்டினார். சந்தோஷப்படச் சொல்கிறார்கள். அந்த 112 கிலோக்காரிதான் நான்கு பேட்ச் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் சென்டம் வாங்க வைத்தவள்.

அத்தையின் கவலை வேறு. "வெளிய சொல்லாதம்மா. நாளைக்கு புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கையில, அம்மா வழியில குண்டுன்னு சொல்லிருவாங்க." மகளுக்கு அப்போது பதினாறு. அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சில நாள் கழித்து, நான் எடை பார்க்கும் மெஷினில் அவள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். "வயித்த வெட்டிட்டா சாப்பிடணும்னே தோணாதுல்லம்மா?" என்று ஒருநாள் கேட்டாள், ஏதோ வசதியைப் பற்றிக் கேட்பதுபோல. நைட்டியை விலக்கி ஐந்து தழும்பையும் காட்டினேன். மாத்திரை டப்பாவைக் கொட்டிக் காட்டினேன். நெய்த்தோசை வாசனை வந்தும் பசிக்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதைச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. மெஷினைப் பரணில் போட்டாயிற்று. என் எடையை இப்போது ஆஸ்பத்திரியில் மட்டும்தான் பார்க்கிறேன்.

இன்னமும் சில காலைகளில் அவள் தட்டில் ஒரு இட்லி மிஞ்சுகிறது. முன்பென்றால் அது என் கண்ணிலேயே பட்டிருக்காது. வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவியிருப்பேன். இப்போது தட்டோடு அவள் அறைக்குப் போய், "இது ஏன்டி இருக்கு?" என்று கேட்கிறேன். சில நாள் சொல்கிறாள்.