பி நெகட்டிவ் அக்காவும் ஒரு ஊசியும்

எங்க அக்காவுக்கு பி நெகட்டிவ். மாமாவுக்கு பி பாசிட்டிவ். ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாத்தவங்க யாரும் இதைப் பாக்கலை. பாத்திருந்தாலும் கல்யாணத்தை நிறுத்தற அளவுக்கு ஒண்ணும் இல்லைங்க. இதுக்குன்னே ஊசி இருக்கு. நேரத்துக்குப் போடணும், அவ்ளோதான்.

பொட்டி தட்டுறவன் எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ்னா, பிரசவத்துலயோ கரு கலையும்போதோ குழந்தையோட ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துடலாம். அம்மா உடம்பு ஆன்ட்டிவைரஸ் மாதிரி அதை அடையாளம் பிடிச்சு, எதிர்ப்புப் பொருள் தயாரிச்சு வச்சுக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிச்சிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையோட சிவப்பணுக்களை அது உடைக்க ஆரம்பிச்சா, வயித்துலயே ரத்தசோகை, பொறந்த அன்னிக்கே மஞ்சள் காமாலை, முத்திப்போனா மூளை, காது வரைக்கும் பாதிப்பு. ஆன்ட்டி-டி ஊசி அந்த எதிர்ப்புப் பொருள் உருவாகாமத் தடுக்கும். உருவான பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. (இந்த ஊசிக்கான சரக்கு பெரும்பாலும் மனுஷ ரத்தத்துலருந்துதான் வருது. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர், 2018-ல ஓய்வு பெறுறதுக்குள்ள 1,173 தடவை தானம் பண்ணியிருக்கார். 2025-ல காலமானார். மனுஷன்யா!)

அக்கா விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி நாலாம் மாசத்துல கரு கலைஞ்சுபோச்சு. அப்போ போன ஆஸ்பத்திரியில சுத்தம் பண்ணி அனுப்பிட்டாங்க. ஊசி பத்தி யாரும் மூச்சு விடலை. மறுபடி உண்டானப்போ, "பழசையெல்லாம் அங்க போய் கிளறாதே"ன்னு மாமியார் சொல்லிட்டாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மா ரத்த வகையைப் பாத்ததும், கூட வந்த எல்லாரையும் வெளியே உக்கார வச்சுட்டு அக்காகிட்ட மட்டும் கேட்டாங்களாம். "இதுக்கு முன்னாடி ஏதாவது தங்காமப் போயிருக்காம்மா?" அக்கா அழுதுட்டே சொல்லியிருக்கா.

என்னைக் கேட்டா, மொத்த வைத்தியத்துலயும் பெரிசு அந்தத் தனியாக் கேட்ட கேள்விதான்.

எதிர்ப்புப் பொருள் ஏற்கனவே உருவாகிடுச்சான்னு பாக்க கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல ஒருத்தரும் சரியாத் தூங்கலை. நெகட்டிவ்! அந்த வார்த்தைக்கு முதல் தடவையா ஸ்வீட் வாங்கினோம் :-)

28-வது வாரம் ஒரு ஊசி. நடுவுல ரத்தம் பட்டாலோ, வயித்துல அடிபட்டாலோ உடனே வரணும்னு கண்டிஷன். உங்க வீட்டுல மாசமா இருக்கிறவங்க நெகட்டிவ்னா, முன்னாடி கலைஞ்சதையும் மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க மக்கா.

பையன் பொறந்தான். தொப்புள் கொடி ரத்தத்துல பாத்தா பாசிட்டிவ். 72 மணி நேரத்துக்குள்ள அக்காவுக்கு அடுத்த ஊசி. முதல் 24 மணி நேரத்துல மஞ்சள் தெரிஞ்சா, விடியட்டும், வெயில்ல காட்டலாம்னு உக்காந்திருக்காம உடனே கூப்பிடணும்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்கப் பேரன் பக்கத்துல உக்காந்து, லைட்டைப் போட்டுப் போட்டு அவன் முகத்தைப் பாத்துட்டே இருந்தது அந்த மாமியார்தான்.