சீனப் பள்ளியில் ஆங்கில உபாத்தியாயர்

"தமிழன் ஒருவன் சீனர் பள்ளிக்கூடத்திலே போய் ஆங்கிலம் கற்பிப்பதாவது!" என்று பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் என்னைப் பரிகசித்ததுண்டு. ஆனால் இந்நாட்டுச் சரித்திரம் அறிந்தவருக்கு இது புதுமையன்று. சீனருக்கு ஆங்கிலமும் ஆங்கிலேயருக்குச் சீனமும் கற்பிக்கவென்று மாரிசன், மில்னே என்ற இரு பாதிரிமார் 1818-இல் மலாக்காவிலே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அது 1843-இல் ஹாங்காங்குக்குப் பெயர்ந்தது. கோலாலம்பூரில் 1893-இல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனும், 1897-இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும் ஏற்பட்டன. அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழ் உபாத்தியாயர்கள் பலர் சீனத் தௌக்கேமாரின் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் புகட்டினார்கள். நான் போனதும் அவர்கள் போன வழிதான். ஒரேயொரு வித்தியாசம் உண்டு. அவர்களுடைய பள்ளியிலே சீனப் பிள்ளை விருந்தாளி. நான் போன பள்ளியிலே விருந்தாளி நான்.

கிள்ளான் நகரிலே சீனத் தனிப்பள்ளிகள் நான்கு உள்ளன. 1961-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் வந்தபோது, சர்க்கார் மானியம் வேண்டுமானால் போதனை பாஷையை மாற்றவேண்டும் என்று ஏற்பட்டது. மானியமே வேண்டாம், எங்கள் பாஷை இருந்தால் போதும் என்று விலகி நின்ற பள்ளிகளே இவை. 1975 முதல் தமக்கென்று ஒரு பொதுப் பரீட்சையையும் நடத்தி வருகின்றன. அந்நான்கில் ஒன்றிலே 1996 முதல் 2018 வரை இருபத்திரண்டு வருஷம் நான் ஆங்கிலம் போதித்தேன். சேர்ந்த புதிதில் கோலாலம்பூர்ப் பழைய நிலையத்துக்குப் போய்த்தான் மின்சார ரயில் ஏறவேண்டும். 2001-இல் பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகவே சென்ட்ரல் நிலையம் திறந்தார்கள். பிறகு ஐந்து நிமிஷ நடைதான். பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா என்று ஒவ்வொன்றாய்க் கடந்து கிள்ளானில் இறங்கினால், தெங்கு கிலானா சாலையில் பூக்கடைக்காரர் அப்போதுதான் மாலை கட்ட உட்கார்ந்திருப்பார். மல்லிகை வாசம் முடியும் இடத்தில், சீனர் கடையிலே மூலிகையிட்டுக் கொதிக்கும் பாக்குத்தேயின் வாசம் தொடங்கும்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்தேன். மாணவர் தலைவன் உரத்த குரலில் ஒரு சொல் சொன்னான். நாற்பத்தைந்து பேரும் ஒரே அசைவாய் எழுந்து குனிந்து, நீட்டி இழுத்து என்னவோ பாடினார்கள். பரிகாசமோ என்று ஒரு கணம் திகைத்தேன். "ஆசிரியருக்கு வந்தனம்" என்பதே அதன் பொருள் என்று பிறகு அறிந்தேன். நமது தமிழ்ப் பள்ளிகளிலும் அதே இராகத்தில் "வணக்கம் ஆசிரியரே" என்று இழுப்பதில்லையா? இராகங்கள் கடல் கடந்தும் ஒன்றாயிருக்கின்றன.

பெயர் கூப்பிடுவதுதான் பெரும்பாடு. பதிவேட்டில் 'டான்' என்றிருப்பான்; தோழர்கள் அவனைச் 'சென்' என்பார்கள். 'லிம்' என்றிருப்பவன் வாயில் 'லின்' ஆவான். எழுத்து ஒன்றே, கிள்ளானில் பெரும்பாலோர் பேசும் ஹொக்கியன் பேச்சில் ஓர் ஒலி, பள்ளியில் கற்கும் மாண்டரினில் வேறோர் ஒலி. பாட்டன் வாயில் கேட்ட ஒலியைப் பதிவுக் குமாஸ்தா இங்கிலீஷ் எழுத்தில் தோன்றியபடி எழுதிவிட்டார். பேரப் பிள்ளை அதைச் சுமக்கிறான். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்துக் கிராணி எழுதிய எழுத்தையே இன்றுவரை பெயராகச் சுமந்து, பிறப்புப் பத்திரத்தில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் ஒன்றுமாக அல்லற்படுகிற நம்மவர் எத்தனை பேர்! தகப்பன் பெயர் ஓர் எழுத்துப் பிசகியதால் சேமநிதிப் பணத்துக்கு நடையாய் நடந்தவர்களை நான் நேரில் அறிவேன்.

நிற்க. சீன பாஷையில் வினைச்சொல்லுக்குக் கால விகுதி கிடையாது. 'நேற்று' என்று சொல்லிவிட்டால் போதும். வினை அசையாமல் நிற்கும். ஒருமை பன்மையும் நாம் செய்வதுபோல் சொல்லின் வாலில் ஒட்டுவதில்லை. ஆகவே, "நேற்று நான் போகிறேன், இரண்டு புத்தகம் வாங்குகிறேன்" என்ற பாணியில் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதுவார்கள். இது மந்தபுத்தியன்று, பாஷையின் அமைப்பு. பெரிய எண்களில் அவர்கள் திண்டாட்டம் இன்னொரு விதம். அவர்கள் எண்ணுவது பதினாயிரம் பதினாயிரமாக. ஒரு லட்சத்தை அவர்கள் 'பத்துப் பதினாயிரம்' என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'நூறு ஆயிரம்'. லட்சத்தில் எண்ணிப் பழகிய நானும் கரும்பலகை முன் விரல் மடக்கியதுண்டு. பிள்ளைகள் அதைக் கண்டு மிகவும் ஆறுதலடைந்தார்கள்.

எல்லாவற்றிலும் தொல்லை கொடுத்தது ஆண்பால் பெண்பால். அவன், அவள் இரண்டுக்கும் சீனர் வாயில் ஒரே ஒலி: 'தா'. எழுத்திலாவது வேற்றுமை உண்டே என்றால், அதுவும் 1920-ஆம் வருஷத்தையொட்டி லியூ பன்னோங் என்ற அறிஞர் பெண்பாலுக்கென ஒரு தனி எழுத்தை வற்புறுத்திய பின்னரே பரவியது. ஆகவே பிள்ளைகளின் கட்டுரையில் தாய்மார் எல்லாரும் ஆண்களே. "என் அம்மா நல்லவன்; அவன் அதிகாலையில் எழுந்திருக்கிறான்" என்பது போலத்தான் படிக்க நேரும். சிவப்பு மை அதிகம் செலவானது இதிலேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொடுத்துவைத்தவன். பீக்கிங் நகரத்தார் 'இரண்டு' என்பதைச் சொல்லும்போது நாக்கை மடித்து ஓர் ஒலி எழுப்புவார்கள். அது நமது ழகரத்துக்கு நெருங்கிய உறவு. ஒலிநூலார் இரண்டையும் நாமடி இனத்திலேயே வைக்கிறார்கள். தென்சீனத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது எளிதில் வாய்க்காது. ஆசிரியர் அறையில் ஒருநாள் நான் அச்சொல்லைச் சொன்னதும் மாண்டரின் ஆசிரியை எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒன்றென நினைப்பவர் அவர். அன்றைக்குத் தமிழுக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. ஆனால் "இந்த ஒலியை எங்கே கற்றீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு, "வாலிபத்தில் பழகியது" என்று மழுப்பினேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் சீன தேசத்தையே ஒருமுறை கண்டு வரலாமென்று ஆசைப்பட்டு, அங்கே ஆங்கில உபாத்தியாயர்களை அனுப்பும் தரகர் ஒருவரை அணுகினேன். அவர் என் அனுபவத்தைக் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைக் கேட்டார். பார்த்துத் தலையசைத்தார். ஆங்கிலம் தாய்மொழியாயுள்ள நாட்டின் குடிமகனாயிருக்க வேண்டுமென்பது அங்கே பொது விதி. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலான சில தேசத்தாருக்கே அந்தக் கதவு. இருபத்திரண்டு வருஷம் சிவப்பு மை செலவிட்டவனுக்கு வருத்தம் வராமலிருக்குமா? வந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வருகையில், விதி சொல்வதில் பொய்யில்லை என்றும் தோன்றிற்று. என் தாய்க்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

நான் காப்பார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். தாயும் தந்தையும் பால் வெட்டியவர்கள். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவன், ஆங்கிலம் படித்தவன் என்றால் ரயில்வே உத்தியோகஸ்தர் மகன் என்று ஊரார் தாமே முடிவு செய்வார்கள். பள்ளியிலும் அப்படியே முடிவு செய்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன் என்று தெரிந்தால், என் ஆங்கிலத்தின் பேரில் பெற்றோருக்குச் சந்தேகம் வருமே என்ற அச்சம். முன்பே ஒரு தகப்பனார், வெள்ளைக்காரர் ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று கேட்டிருந்தார்.

1999-இல் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் தன் பாட்டியைப்பற்றிக் கட்டுரை எழுதினான். பதினேழு இடத்தில் பாட்டி ஆண்பாலாயிருந்தாள். பதினேழையும் சிவப்பில் திருத்தினேன். மதிப்பெண் கூட்டும்போதுதான் கட்டுரையில் என்ன இருக்கிறதென்று படித்தேன். "என் பாட்டி மூன்று மணிக்கு எழுந்தான். தலையில் விளக்குக் கட்டினான். காப்பாரில் ரப்பர் வெட்டினான். பக்கத்து நிரையில் இந்தியப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் அவனுக்குக் குழம்பு கொடுத்தார்கள்."

என் தாயும் காப்பாரில் நிரை பிடித்தவளே. சீனருக்குக் கொடுக்கும் கூலியையே தமிழருக்கும் கொடு. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்று கேட்டு 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிச் சுட்டது, தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தியது. கூலியில் அவ்வளவு வேற்றுமை வைத்து இரு ஜாதியாரைப் பிரித்துவைத்தார்கள் என்றுதான் நான் படித்திருந்தேன். பக்கத்து நிரைக்குக் குழம்பு போனது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த மாதம் பள்ளிக்குப் பணம் திரட்ட ஒரு தர்மச் சந்தை வைத்தார்கள். சீனர் பள்ளிகள் நிலைத்திருப்பது இப்படித்தான். நன்யாங் சர்வகலாசாலைக்கு ரிக்‌ஷாக்காரரும் ஒரு நாள் வரும்படியைக் கொடுத்தார்களென்று அவர்கள் பெருமையாய்ச் சொல்வார்கள். நம்மவரும் சளைத்தவர்களல்லர், சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி கேட்டபோது தோட்டத்து மக்கள் சல்லிக்காசு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆயினும் மலாயாவில் ஆறாம் வகுப்புக்கு மேலே தமிழ்ப் பள்ளி ஒன்று எழும்பவில்லை. அது வேறு கதை.

சந்தையில் அந்தப் பையன் ஒரு கடை முன் நின்று என்னை அழைத்தான். ஆவியில் வெந்த பலகாரங்களுக்குப் பின்னே எழுபது வயதுக் கிழவி ஒருத்தி. நரைத்த முடியைக் குட்டையாய்க் கத்தரித்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, என் தாயின் லயத்திலிருந்து வருவதுபோன்ற குரலில், "வாங்க வாத்தியாரே! சாப்பிட்டீங்களா? நம்ம பையன் ஒழுங்காப் படிக்கிறானா? சொன்ன பேச்சு கேக்கிறானா?" என்றாள்.

பக்கத்தில் தலைமையாசிரியரும் இரண்டு இளம் ஆசிரியைகளும் நின்றார்கள். வியப்போடு என்னைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில், "மிக நன்றாகப் படிக்கிறான், அம்மணி" என்றேன்.

கிழவி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் கொச்சை மலாயில் விலை சொல்லி, இரண்டு பலகாரத்தை இலையில் வைத்துக் கொடுத்தாள். நான் கொடுத்த ஐந்து வெள்ளிக்குச் சில்லறை எண்ணித் தந்தாள்.

திங்கட்கிழமை நோட்டுப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பையன் தன் கட்டுரையிலிருந்த பதினேழு சிவப்புக் கோடுகளையும் பார்த்துவிட்டு மேசையருகே வந்து நின்றான்.

"ஐயா, பாட்டி உங்களைப்பற்றிச் சொன்னான்" என்றான் அவனுடைய ஆங்கிலத்தில். "உங்களுக்குத் தமிழ் தெரியாதாம். பாவம் என்று சொன்னான்."

அன்று அவன் 'சொன்னான்' என்றதை நான் திருத்தவில்லை.