நெருப்புக்காய்ச்சலும் ஊரிலிருந்து வரும் குளிசையும்



ஊருக்குப் போய் வருகிறவர்களின் சூட்கேசில் பனங்கட்டி, மிளகாய்த்தூளோடு ஒரு குளிசைப் பையும் இருக்கும். "அங்கை பாமசியிலை கேட்டால் தருவினம், இங்கை டொக்டரிட்டைப் போனால் காசு" என்பது எல்லாருடைய கதையும்.

பென்ரோசில் என்னோடு சாப்பாட்டுச் சாமான் பெட்டி அடுக்கும் தம்பி ஒருவர், யாழ்ப்பாணம் போய் வந்து இரண்டாம் கிழமை காய்ச்சலில் விழுந்தார். கொண்டுவந்த சிப்ரோபுளொக்சசினை நாலு நாள் போட்டும் காய்ச்சல் பின்னேரமானால் ஏறியது. "தடிமன் காய்ச்சல்தான் அண்ணை, நாளைக்கு வேலைக்கு வாறன்" என்றார். மனைவி அழுது போன் எடுத்தபடியால் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனேன். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். நெருப்புக்காய்ச்சல்; அதுவும் சிப்ரோவுக்கு மசியாத இனம். வேறு மருந்து ஊசியில் ஏற்றித்தான் சுகமானது. இங்கே இது சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கவேண்டிய நோய். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை வேலைக்கும் விடவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, சம்பளம் எவ்வளவு போயிருக்கும்!

இந்தக் கிருமியின் கதை பழையது. 1948இல் குளோரம்பெனிக்கோல் வந்தபோது பெரிய நிம்மதி; அதற்கு முன் பத்துப் பேரில் ஒருவரையாவது கொண்டுபோன நோய் அல்லவா? 1972இல் மெக்சிக்கோவிலும் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் அந்த மருந்துக்கு மசியாத கிருமி கிளம்பியது. 1990 அளவில் இந்தியா, பாகிஸ்தான் பக்கம் மூன்று பழைய மருந்துகளும் ஒன்றாகக் கைவிட்டன. வேறு கிருமிகளிடமிருந்து வாங்கிய சிறு மரபணு வளையம் ஒன்றே மூன்றையும் தடுத்துவிடுகிறது. பிறகு நம்பிய சிப்ரோவும் தேய்ந்தது. 2016இல் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் தொடங்கிய இனத்துக்குக் குளிசையாக மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டும்தான். தேவையில்லாமல் விழுங்கும் குளிசை, மசிகிற கிருமியைக் கொன்று மசியாததற்கு இடம் விட்டுக்கொடுக்கிறது.

எங்கள் ஊர்க் கிணறும் கக்கூசும் அருகருகே, கீழே சுண்ணாம்புக்கல். அதற்காக இதை ஊர் வியாதி என்று சொல்லவும் முடியாது. 2017இல் பக்கத்து மவுண்ட் றொஸ்கில் தேவாலயச் சமூகமொன்றில் பரவி ஓர் உயிர் போனது.

ஊருக்குப் போகமுன் தடுப்பூசி போடலாம். அது முழுக் காப்பு அல்ல; தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இங்கிலிஷ் கஷ்டமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே குளிசை போட்டிருந்தால் இரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமலும் போகும். ஆகவே அந்த வெறும் மட்டையையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.