மலையில் இருமிய அம்பாஸிடர்

அம்பாஸிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. அப்பா விட்டுப்போன அம்பாஸிடர் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் நிற்கவில்லை. போன மாதம் அம்மாவை ஏற்றிக்கொண்டு, கொடைக்கானலுக்கும் அப்பால், பூண்டு விளையும் பூண்டிக்குப் போனேன். ஊர் எல்லையில் வண்டி கரும்புகை கக்கி, இருமி, நின்றே விட்டது! பொழுதோ சாய்கிறது; அம்மாவுக்கோ குளிர் ஆகாது.

வந்த மெக்கானிக் பெரியவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பினார்.

"மேலே ஏற ஏறக் காத்து லேசாயிடும்மா, பெட்ரோல் மட்டும் பழையபடியே விழும். போதாததுக்கு மிதவை ஊசியிலே துரு சிக்கியிருக்கு. மூடாம வழியுது."

ஜெட்டைப் பெட்ரோலில் அலசி, வாயால் ஊதினார். கம்பி விட்டுக் குத்தவில்லை. மயிரிழைத் துவாரம் சற்றே பெரிதானாலும் அளவு கெட்டுவிடுமாம்! நைந்த பாக்கிங்கை எறிந்துவிட்டுப் புதிதாகக் கத்தரித்துப் பொருத்தினார்.

சாவியைத் திருப்பினேன்.

"உங்கப்பா தொண்டையைச் செருமினாப்பலே இருக்குடீ!" என்றாள் அம்மா.