கிர் காட்டுக் கிணறுகள்

குஜராத்திலுள்ள கிர் காட்டுக்குப் போனால் சிங்கத்தை மட்டும் தேடாதீர்கள். காட்டோர வயல்களின் கிணறுகளையும் பாருங்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளில் இரவில் இரை துரத்தி வந்த சிங்கங்கள் விழுந்து மாண்டன. அரசும் கொடையாளர்களும் பணம் தந்து, ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பினார்கள். சிங்கத்தைக் காக்கச் செங்கல்லும் சிமெண்டும்!

காட்டுக்குள் வாழும் மால்தாரி இடையர்களின் எருமையைச் சிங்கம் அடித்தால் அரசு இழப்பீடு தருகிறது. கறவை மாடு ஒன்று போனால் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் இடையரின் கோபம் ஆறும்.

2018-இல் நோய் பரவி 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவித்தார்கள். 2015-இல் 523 ஆக இருந்த சிங்கங்கள், 2025 கணக்கெடுப்பில் 891. மால்தாரிகளோ இன்றும் எருமைகளை அதே காட்டில்தான் மேய்க்கிறார்கள்.